சோறு போட்ட வீடுகள்

சென்னையில் நடந்த ஒரு பேச்சுதான் இந்தப் பயணத்துக்குக் காரணம். ஓவியர், பாட்டுக்காரர், சிற்பி என்று வயதான கலைஞர்கள் நண்பர்களோடு சேர்ந்து ஒரே கூரையின் கீழ் வாழ்வதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். இதெல்லாம் ஐரோப்பாவிலிருந்து வந்த பழக்கம் என்றார் ஒருவர். இன்னொருவர் ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலத்தை எடுத்துவிட்டார். 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் விற்ற காசில் கடற்கரை மணலை வாங்கிக் குடியேறிய ஊர் அது. நான் மைசூர் வாசுதேவாச்சாரியாரைச் சொன்னேன். எண்பது வயதைத் தாண்டிய பிறகு ருக்மிணி தேவியின் அழைப்பில் கலாக்ஷேத்ராவுக்கு வந்து, அங்கேயே தங்கி, ராமாயண நாட்டிய நாடகங்களுக்கு இசையமைத்தவர். 1961 வரை இருந்தார். பேச்சு அதோடு முடிந்திருக்கலாம். கடலூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் மட்டும் விடவில்லை. "எங்க பக்கம் வந்து பாருங்க. ஆயிரத்து முந்நூறு வருஷமா பாட்டுக்காரன் எவனும் சொந்த வீட்டுல இருந்ததில்ல" என்றார். வைகாசி மாதம், பலாப்பழக் காலம். கிளம்பிவிட்டேன்.

பண்ருட்டி பேருந்து நிலையத்தில் அண்ணாகிராமம் போகும் வண்டி எது என்று கேட்டால், "ஆபீசுக்கா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். ஒன்றிய அலுவலகத்தின் பெயராகத்தான் அந்த ஊர் வெளியே தெரிகிறது. சான்றிதழ், வேலை அட்டை, வீட்டுத் திட்டம் என்று காகிதத்தோடு போகிறவர்களே அதிகம். நண்பர் இரண்டு சக்கர வண்டியோடு வந்து ஏற்றிக்கொண்டார். பண்ருட்டிக்குத் தெற்கே போனால் செம்மண்ணும் முந்திரியும் பலாவும். வடக்கே தென்பெண்ணைப் பக்கம் மண்ணே வேறு. கரும்பும் நெல்லும் சவுக்கும் கண்ணுக்கு எட்டியவரை. அண்ணாகிராமம் இந்த வடக்குப் பக்கத்து ஆள். ஒன்றிய அலுவலகத்து வாசலில் ஒரு டீக்கடை, வேப்பமரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர், நிழலில் நின்ற வண்டிகள். பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். "இங்க ஒண்ணும் இல்ல சார். சுத்தி இருக்கு" என்றார் டீக்கடைக்காரர். சரியான பதில்.

சுற்றியிருப்பதில் முதலில் போனது பண்ருட்டியிலிருந்து அரசூர் போகும் சாலையில் புதுப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் சித்தவட மடத்துக்கு. இந்தப் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடைக்காது. இது மற்றவர்களோடு ஒரே கூடத்தில் படுத்துத் தூங்குவதன் கஷ்டத்தைப் பற்றிய கதை.

சுந்தரர் திருத்துறையூரிலிருந்து திருவதிகைக்கு வருகிறார். ஊர் எல்லையில் கால் கூசுகிறது. அப்பர் உழவாரப்படை பிடித்துக் கையால் புல் செதுக்கிய மண்ணை எப்படி மிதிப்பது என்று உள்ளே போகாமல் வெளியே இருந்த சித்தவட மடத்தில் இரவு தங்கிவிடுகிறார். அதே கூடத்தில் ஒரு கிழவரும் வந்து படுக்கிறார். தூக்கத்தில் கிழவருடைய கால் சுந்தரரின் தலையில் படுகிறது. சுந்தரர் தலைமாட்டை மாற்றிப் படுக்கிறார். கிழவர் அந்தப் பக்கமும் காலை நீட்டுகிறார். "வயசாயிடுச்சு, தெரியாம பட்டிருக்கும்" என்கிற தோரணையில் ஒரு சமாதானம். மறுபடியும் அதேதான். யாரையா நீர் என்று சுந்தரர் எழுந்து கேட்ட பிறகுதான் அது சிவன் என்று தெரிகிறது. பக்தியை ஒரு நிமிஷம் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால், சத்திரத்தில் தங்கிய எவருக்கும் இந்த இரவு தெரியும். பெரியபுராணம் எழுதிய சேக்கிழாருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். சோழ நாட்டில் அதிகாரியாக ஊர் ஊராகப் போனவர்தானே.

சின்னக் கோயில். சுற்றிலும் வயல். நாங்கள் போன நேரத்தில் யாரும் இல்லை. நண்பர் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர், பிறகு படுத்தே விட்டார். கால் யார் பக்கம் நீள்கிறது என்று நானும் கவனித்துக்கொண்டேன்.

அந்தத் திருத்துறையூரும் இந்தப் பக்கம்தான். சிவஞான சித்தியார் எழுதிய அருணந்தி சிவாசாரியார் ஊர். வயதும் கல்வியும் பெருமையும் சேர்ந்த பிறகு, மெய்கண்டார் என்ற சிறுவரைக் குருவாக ஏற்று உட்கார்ந்தவர். வயதில் மூத்தவர் இளையவர் வீட்டில் மாணவராக இருக்கும் கதை இந்த மாவட்டத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. அப்பருக்கும் சம்பந்தருக்கும் இருந்த உறவு கிட்டத்தட்ட அதுதான்.

திருவதிகை பண்ருட்டியோடு ஒட்டிக்கொண்ட ஊர். பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கெடிலத்தில் வைகாசியில் தண்ணீர் ஏது, மணலும் நாணலும்தான். வீரட்டானேசுவரர் கோயிலின் விமானத்தைச் சுற்றி வந்தால் சுதைச் சிற்பங்கள் அடுக்கடுக்காக ஏறுகின்றன. மூன்று கோட்டைகளை எரித்த கதைக்கு உரிய இடம். கூட்டம் அதற்காக வருகிறது. நான் வந்தது ஒரு அக்காவுக்காக.

திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியாரும் அக்கா திலகவதியும் இளமையிலேயே பெற்றோரை இழந்தவர்கள். அக்காவுக்குப் பேசியிருந்த கலிப்பகையார் போரில் இறந்துபோகிறார். தம்பிக்காக உயிரோடு இருக்கிறார் அக்கா. தம்பியோ தண்ணீர்ப் பந்தல், அறச்சாலை என்று சொத்தைச் செலவு செய்துவிட்டுச் சமணத்துக்குப் போகிறார். பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் தருமசேனர் என்ற பெயரோடு தலைமை இடத்துக்கு உயர்கிறார். பாடலிபுத்திரம் என்பது இன்றைய திருப்பாதிரிப்புலியூர், கடலூர் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. லோகவிபாகம் என்ற சமண நூலின் பிரதி கி.பி. 458இல் எழுதப்பட்டது இந்தப் பாடலியில்தான் என்று அந்த நூலே சொல்கிறது. அப்படியானால் தருமசேனர் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பள்ளி நூறு வருஷத்துக்கு மேல் பழையது. படித்தவர்கள் கூடி வாழ்ந்த வீடு. படி எடுத்தார்கள், விவாதித்தார்கள், வானத்தைக் கணக்கிட்டார்கள். அந்த வீட்டைப் பற்றிய கதை நமக்குக் கிடைப்பதெல்லாம் எதிரணியின் வாயிலிருந்து. சுண்ணாம்புக் காளவாய், நஞ்சு, யானை, கல்லில் கட்டிக் கடலில் போட்டது என்று. கல் மிதந்து கரை சேர்ந்த இடம் என்று கடலூரில் கரையேறவிட்டகுப்பம் என ஒரு ஊரே இருக்கிறது. சைவர்கள் சொன்ன இந்தக் கதையில் சமணப் பள்ளியின் ஆட்கள் எவருக்கும் நல்ல பெயர் இல்லை, ஒருவரைத் தவிர. அவர் சமையல்காரர்.

சூலை நோய் வந்து தருமசேனர் துடிக்கிறார். பள்ளியின் மந்திரமும் மயிற்பீலியும் பலிக்கவில்லை. தனக்குச் சமைத்துப் போடுகிறவனை இரவோடு இரவாகத் திருவதிகைக்கு அனுப்புகிறார். அவன் நந்தவனத்துக்குப் போய் அக்காவைப் பார்த்து, உங்கள் தம்பி அனுப்பினார் என்கிறான். அக்கா, சமணப் பள்ளிக்குள் நான் வரமாட்டேன் என்று சொல்லி அனுப்புகிறார். பதிலைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவனும் அவன்தான். அதற்குப் பிறகு அவனைக் காணோம். தம்பி வருகிறார், நோய் தீர்கிறது, பாடுகிறார், நாவுக்கரசர் என்கிற அப்பர் ஆகிறார். பல்லவ மன்னன் மதம் மாறிப் பாடலியின் பள்ளியை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுவந்து இங்கே குணபர ஈச்சுரம் கட்டினான் என்கிறது பெரியபுராணம். பள்ளி இடிந்த அன்று அடுப்பு என்ன ஆயிற்று என்று எந்தப் புலவரும் பாடவில்லை.

கோயிலில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் திலகவதியார் சந்நிதியைக் கேட்டேன். காட்டிவிட்டு, "அப்பரைக் கும்புடுறவங்க இவங்களையும் கும்புட்டுட்டுத்தான் போகணும். இவங்கதான் வளர்த்தவங்க" என்றார். முறை தெரிந்தவர்.

நாவுக்கரசர் பிறகு சொந்த வீடு பார்க்கவே இல்லை. எண்பத்தொரு வயது வாழ்ந்தார் என்பது மரபு. அந்த வயது முழுக்க நடை, கோயில் கோயிலாகப் புல் செதுக்குவது, மடங்களில் தங்குவது. திங்களூரில் அப்பூதி அடிகள் என்ற ஒருவர் இவரைப் பார்க்காமலேயே பிள்ளைகளுக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் இவர் பெயரையே வைத்திருந்தார். திருப்புகலூரில் முருக நாயனார் மடத்தில் இவரும் சம்பந்தரும் சேர்ந்து தங்குகிறார்கள். சிறுத்தொண்டரும் திருநீலநக்கரும் வந்து சேர்கிறார்கள். பூத்தொடுக்கும் முருகனார் வீட்டுக்காரர், மற்றவர்கள் விருந்தாளிகள். கிழவர் ஒருவர், சிறுவன் ஒருவன், பழைய படைத்தலைவர் ஒருவர், வேள்வி செய்யும் அந்தணர் ஒருவர். இப்படி ஒரு வீடு தமிழில் வேறெங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அந்தக் கூட்டு வாழ்க்கையின் நுணுக்கம் திருவீழிமிழலைக் கதையில்தான் முழுசாகத் தெரியும். பஞ்ச காலம். அடியார்களுக்குச் சோறு போட இருவருக்கும் தினம் ஒரு பொற்காசு கோயில் பீடத்தில் கிடைக்கிறது. கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கு, மேற்குப் பீடத்தில் அப்பருக்கு. இருவர் மடத்திலும் சமையல். ஆனால் அப்பர் மடத்தில் பந்தி முடிந்துவிடுகிறது, சம்பந்தர் மடத்தில் உலை கொதிக்கவே நேரமாகிறது. ஏன் என்று சம்பந்தர் கேட்கிறார். சமையல் ஆட்கள் சொல்கிறார்கள்: நமக்குக் கிடைக்கும் காசுக்குக் கடைக்காரன் வட்டம் கேட்கிறான், அதை மாற்றிப் பண்டம் வாங்கி வருவதற்குள் பொழுது ஏறிவிடுகிறது. அவர் காசுக்கு வட்டம் இல்லை. அவர் கையால் தொண்டு செய்கிறவர். சம்பந்தர் கோபப்படவில்லை. வாசி, அதாவது வட்டம், இல்லாத காசு கேட்டுப் பாடி வாங்கிக்கொள்கிறார். கடைத்தெருவில் பேரம் நடப்பதையும், மதியச் சோறு தாமதமாவதையும், இருவர் வீட்டு வேலைக்காரர்களும் பக்கத்து வீட்டு அடுப்பை எட்டிப் பார்ப்பதையும் பக்தி இலக்கியத்தில் இவ்வளவு பக்கத்திலிருந்து காட்டும் இடம் வேறு எனக்குத் தெரியாது. பாட்டுக்கு இருவரும் சமம், புல் செதுக்கிய கிழவரின் காசு மட்டும் முழு விலைக்குப் போகிறது என்று கதை சொல்லிவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மற்றவர் மடங்களில் தங்கிய அப்பர், வயது முதிர்ந்தபோது திருப்பூந்துருத்தியில் தானே ஒரு மடம் கட்டினார். விருந்தாளியாகவே இருந்தவர் ஒரு கட்டத்தில் வீட்டுக்காரராகிவிடுகிறார். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் பண்ருட்டிக்குத் திரும்பி, விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் வடலூர்ப் பக்கம் வண்டியைத் திருப்பினோம்.

அந்தச் சாலையை வருஷக்கணக்காக அகலப்படுத்திக்கொண்டே இருக்கிறார்கள். புழுதி. ஓரம் முழுக்கப் பலாப்பழக் குவியல்கள், சுளை உரித்துப் பையில் கட்டி விற்கும் பெண்கள், முந்திரிக் கொட்டை வறுக்கும் வாடை. பண்ருட்டிக்குப் பலாவும் முந்திரியும் மாதிரியே இன்னொரு பெயரும் உண்டு, மண் பொம்மை. அதிலும் ஒரு கதை. வடலூர் வள்ளலாரைப் படம் பிடிக்க முயன்றபோது வெள்ளை வேட்டி மட்டுமே விழுந்தது, உருவம் விழவில்லை என்பார்கள். பிறகு பண்ருட்டிப் பொம்மைக்காரர் ஒருவர் வள்ளலாரை அப்படியே மண்ணில் பிடித்து, வண்ணம் தீட்டி, எடுத்துக்கொண்டு போய் நீட்டியிருக்கிறார். அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, பொன்னான உடம்பு மண்ணாகிவிட்டதே என்கிற பொருளில் ஏதோ சொல்லிக் கீழே போட்டு உடைத்துவிட்டாராம். தத்துவம் இருக்கட்டும். எனக்கு அந்தப் பொம்மைக்காரர் மேல்தான் பரிதாபம். மண் பிசைந்து, காயவைத்து, சூளையில் சுட்டு, வண்ணம் ஆற விட்டு, துணியில் பொதிந்து, இவ்வளவு தூரம் சுமந்து வந்திருக்கிறார். ஒரு கலைஞர் இன்னொரு கலைஞரின் வேலையை இப்படியா பார்ப்பது?

நெய்வேலிப் புகைபோக்கிகள் தூரத்தில் எழுந்து மறைந்தபின் வடலூர் வருகிறது. நாங்கள் நேரே கருங்குழிக்குப் போனோம்.

1823இல் மருதூரில் பிறந்து, சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் அண்ணன் சபாபதியின் வீட்டில் வளர்ந்தவர் ராமலிங்கம், பின்னாளில் வள்ளலார். படிக்காமல் கந்தகோட்டமே கதியென்று கிடந்ததால் அண்ணன் சோறு போடக் கூடாது என்றார். அண்ணி பாப்பாத்தி அம்மாள் பின்வாசல் வழியாகப் போட்டார். ஒரு நாள் அண்ணி கண் கலங்கியதைப் பார்த்துத்தான் மாடி அறையில் உட்கார்ந்து படிப்பதாக ஒத்துக்கொண்டார் என்பது கதை. 1858 வாக்கில் சென்னையை விட்டு நடந்து சிதம்பரம் வந்தார். அங்கே சந்தித்த கருங்குழி மணியக்காரர் வேங்கட ரெட்டியார் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்தார். வந்தவர் 1867 வரை ஒன்பது வருஷம் அந்த வீட்டில் இருந்தார்.

ஒன்பது வருஷம். ஒரு வீட்டில் விருந்தாளி மூன்று நாள் இருந்தாலே என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ரெட்டியாரின் மனைவி முத்தியாலம்மாள். இந்தப் புதிய ஆள் எப்படிப்பட்டவர் என்பதைச் சென்னை மாநிலக் கல்லூரித் தமிழ்ப் புலவர் தொழுவூர் வேலாயுத முதலியார் 1882இல் பிரம்ம ஞான சபையாருக்குக் கொடுத்த வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறார். நடுத்தர உயரம், எலும்பும் தோலுமான உடம்பு, ஆனால் நிமிர்ந்த நடை, அதுவும் மிக வேகமான நடை. மெல்லிய நேரான மூக்கு, பெரிய கண்கள், முகத்தில் எப்போதும் ஒரு வருத்தம். வெள்ளைத் துணி இரண்டு. தூக்கம் குறைவு. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை இரண்டு மூன்று கவளம் சோறு. விரதம் இருந்தால் மாதக்கணக்கில் சர்க்கரை கலந்த வெந்நீர் மட்டும். சமைக்கிற பெண்ணுக்கு இப்படி ஒரு விருந்தாளி சுமையா வரமா என்று சொல்வது கடினம். செலவு இல்லை. ஆனால் போட்ட இலையைத் திரும்பிப் பார்க்காத ஆளுக்கு ஒன்பது வருஷம் இலை போடுவது ஒரு தனி வேலை.

அவருக்கு வேண்டியிருந்தது சோறு இல்லை, வெளிச்சம். இரவெல்லாம் எழுதுவார். விளக்குக்கு எண்ணெய் வைப்பது முத்தியாலம்மாள் பொறுப்பு. ஒரு நாள் அந்த அம்மாள் வெளியூர் போகிறார். எண்ணெய்க் கலயம் பழுதாகி, புதுக் கலயம் பழக்குவதற்காகத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார். எழுத்தில் மூழ்கியவர் அதை எண்ணெய் என்று எடுத்து எடுத்து ஊற்ற, விடிய விடிய விளக்கு எரிந்தது. இந்த வீட்டுக்கு ஆட்கள் வருவது இதற்காகத்தான். அந்த வீட்டில் விளக்கு இன்றும் எரிகிறது. வந்தவர்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அந்தக் கதையில் அற்புதத்தை விடக் கலயம்தான் பெரிதாகப் பட்டது. புது மண்கலத்தில் எண்ணெய் ஊற்றினால் மண் குடித்துவிடும், முதலில் தண்ணீர் ஊற்றி ஊறவைக்க வேண்டும் என்பது சமையலறைக்குள் புழங்கியவர்களுக்குத்தான் தெரியும். அந்த அம்மாள் வீட்டில் இருந்த அத்தனை இரவும் எண்ணெய் தீராமல் எரிந்தது கதையாகவில்லை. அவர் இல்லாத ஓர் இரவு கதையாகிவிட்டது.

இந்த வீட்டிலிருந்து போன கடிதங்கள் பல பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. சென்னையில் இருந்த இறுக்கம் ரத்தின முதலியார் பாட்டுகளை அச்சுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். இவர் அனுப்பவில்லை. கடைசியில் முதலியார், பாட்டு தபாலில் வரும்வரை ஒரு வேளைதான் சாப்பிடுவேன் என்று சபதம் எடுத்தார். 1860 கடைசியில் இவர் பதறிப்போய் எழுதுகிறார்: அப்படிச் செய்ய வேண்டாம், பாட்டைத் திரட்டி அனுப்பி வைக்கிறேன், இரண்டு வேளையும் சாப்பிடுவதாகப் பதில் எழுதும் என்று. தான் மூன்று நாளைக்கு ஒருமுறை சாப்பிடுகிறவர், நண்பர் ஒரு வேளை சாப்பாட்டை விட்டதற்காக இப்படிக் கலங்குகிறார்! பெயருக்குப் பின்னால் 'சாமி' என்று போட்டு அச்சடிக்க வேண்டாம், ஆரவாரமாக இருக்கிறது என்று கேட்டதும் இந்தக் கடிதங்களில்தான். வேலாயுத முதலியார் 'திருவருட்பிரகாச வள்ளலார்' என்று போட்டுவிட்டார். ஆரவாரம் எதில் அதிகம் என்பதை வாசகரே முடிவு செய்யலாம். நண்பர்கள் அப்படித்தான். 1867 பிப்ரவரியில் முதல் நான்கு திருமுறைகள் அச்சாகி வந்தன. பட்டினி, பணம், பதிப்பு மூன்றையும் நண்பர்கள் தலையில் சுமந்த புத்தகம் அது.

அதே ஆண்டு மே 23இல் அவர் ரெட்டியார் வீட்டை விட்டுக் கிளம்பி வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். வடலூர்க்காரர்கள் நாற்பது பேர் சேர்ந்து எண்பது காணி நிலத்தை எழுதிக் கொடுத்திருந்தார்கள். மண்சுவர், கூரை, ஓர் அடுப்பு. அதன் நீளம் 21 அடி, அகலமும் ஆழமும் இரண்டரை அடி. அன்று மூட்டியது இன்றுவரை அணையவில்லை. திருப்பூந்துருத்தியில் அப்பர் செய்ததைத்தான் இவரும் செய்கிறார் என்று நண்பரிடம் சொன்னேன். அவர் வேறு மாதிரி சொன்னார்: "அண்ணி போட்ட சோறு, ரெட்டியார் வீட்டம்மா போட்ட சோறு. கடன் சார். அடுப்ப இவ்வளவு நீளமா கட்டினாத்தான் அடையும்." பசியைப் பற்றி அவர் எழுதிய ஜீவகாருண்ய ஒழுக்கத்தைப் படித்தவர்களுக்கு இந்தப் பேச்சு அவ்வளவு விளையாட்டாகப் படாது.

மேட்டுக்குப்பம் கருங்குழியிலிருந்து கொஞ்ச தூரம்தான். தருமச்சாலையில் கூட்டம் பெருகவே, 1870இல் அவர் ஒதுங்கிப் போன வீடு அங்கே இருக்கிறது. அதுவும் இரவல் வீடு. வைணவ ஆசாரியர்கள் வந்தால் தங்குவதற்காகக் கட்டி, ஆள் இல்லாமல் கிடந்தது. இவர் அதற்குச் சித்தி வளாகம் என்று பெயர் வைத்தார். 1873 அக்டோபரில் கொடி ஏற்றிப் பேசினார். பிறகு அறைக்குள் இருந்த விளக்கை வெளியே எடுத்து வைத்து, இதை வழிபடுங்கள் என்றார். 1874 ஜனவரி 30 இரவு அறைக்குள் போனவர் திரும்ப வரவில்லை. தென்னார்க்காடு கலெக்டர் கார்ஸ்டின் 1878இல் வெளியிட்ட மாவட்டக் கையேட்டில்கூட இந்தச் செய்தி ஏறியிருக்கிறது. தைப்பூசத்துக்கு இரண்டு நாள் கழித்து மட்டும் அந்த அறைக் கதவு திறக்கும். அன்று அவர் பொருட்களைச் சுமந்துகொண்டு வடலூரிலிருந்து கருங்குழி வழியாக ஊர்வலம் வரும். வைகாசியில் வந்த எங்களுக்குப் பூட்டிய கதவுதான். அதனால் என்ன, திண்ணை இருந்தது. ஐம்பது வயதில், நண்பர்கள் சூழ, ஊருக்கு வெளியே ஒரு வீடு. நான் பார்த்த முதிய கலைஞர்கள் பெரும்பாலோர் ஆசைப்படுவது இதற்குத்தான். கல்பட்டு ஐயா மாதிரி உயிரைக் கொடுக்கும் சீடர்கள் வேறு இருந்தார்கள். இருந்தும், நான் கடை விரித்தேன், கொள்வாரில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டே இருந்தவர் என்று ஊரில் சொல்கிறார்கள். கூட இருப்பவர்கள் அன்பு காட்டுவது வேறு, சொல்வதைக் கேட்பது வேறு போலிருக்கிறது.

சாயங்காலம் வடலூருக்குத் திரும்பினோம். 1872 ஜனவரி 25 முதல் வழிபாடு நடக்கும் சத்திய ஞான சபை, அவரே திட்டம் போட்டுக் கட்டியது. எண்கோணம், சுற்றிலும் இரும்புச் சங்கிலி, உள்ளே ஏழு திரைக்குப் பின்னால் ஒரு ஜோதி. புலால் தவிர்த்தவர்களுக்குத்தான் உள்ளே இடம். நண்பர் நேர்மையாக வெளியே நின்றுகொண்டார். சபைக்கு முன்னால் இருக்கும் பெருவெளி மேயும் மாடுகளோடும் விளையாடும் பையன்களோடும் விரிந்து கிடந்தது. 2024இல் இங்கே பன்னாட்டு மையம் கட்ட அரசு அடிக்கல் நாட்டியபோது, இந்த வெளியைத் தொடாதீர்கள் என்று மக்கள் மறித்தார்கள். கொடுத்தவர்களின் பேரன்களுக்குக் கேட்கவும் உரிமை உண்டு என்பது என் கட்சி.

தருமச்சாலையில் யார், என்ன சாதி, எந்த ஊர் என்று கேட்பதில்லை. உள்ளே போய் வரிசையில் உட்கார்ந்தால் போதும். பக்கத்தில் காவி கட்டிய முதியவர்கள், கட்டட வேலை முடித்து வந்த பையன்கள், கைக்குழந்தையோடு ஒரு பெண். சூடான சோறு, சாம்பார், ஒரு பொரியல். பொரியலில் பலாக்கொட்டை. பண்ருட்டிச் சாலையிலிருந்து வந்த கொடையாக இருக்கலாம். நண்பர் வெட்கப்பட்டுக் கொஞ்சமாகப் போதும் என்று கையை மறைத்தார். வாளியோடு நின்ற பெரியவர் கையை விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி போட்டார்.

"சபைக்குள்ளதான் கணக்கு. இங்க கணக்கு கெடையாது, சாப்பிடுங்க. கடலூர் பஸ்ஸா? அதுக்கு இன்னும் நேரம் இருக்கு. ரசம் வருது."